பதினோராம் எண் கூண்டு: போர்க்காலத்தில் பேச வேண்டியவருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய இந்தியப் பிரதமர் அவர்களுக்கும், இனி அந்தப் பொறுப்பை ஏற்கவிருப்பவர்களுக்கும்,

கடலூர் முதுநகரிலிருந்து, துறைமுகப் பணியில் ஓய்வுபெற்ற ஒருவன் எழுதும் மடல். வணக்கம்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. போர் வேண்டுமா வேண்டாமா என்று இந்த மடலில் வாதிடப் போவதும் இல்லை. அந்த முடிவை எடுக்கும் பொறுப்பைத் தங்களிடமும் தங்கள் அமைச்சரவையிடமும் நாடு ஒப்படைத்திருக்கிறது. முடிவை எடுத்த பிறகு, அதன் சுமையைத் தாங்கப் போகும் மக்களிடம் நாட்டின் தலைவர் எப்போது, எந்த மொழியில், எவ்வளவு பேச வேண்டும் என்பது மட்டுமே என் பொருள். இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், சம்பளத்துக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் எச்சரிக்கை ஏற்றியவன் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் செய்தித்தாள்கள் எழுதும். கூண்டு என்று ஊரார் சொல்வது, கம்பத்தில் ஏற்றப்படும் கறுப்பு உருளைகளையும் கூம்புகளையும். இரவானால் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் ஆபத்தைச் சொல்பவை. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் பேரபாயம். எண் ஏற ஏறக் காற்றின் வேகமும் ஏறும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி, ஏனெனில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாடு புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதுதான். பத்துக்கு மேலும் ஓர் எண் உண்டு. பதினோராம் எண் எந்தக் காற்றையும் குறிப்பதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி தம் அறிவைக் கொண்டு கருதுகிறார் என்பதே அதன் பொருள். வேலையில் சேர்ந்த புதிதில், இதைப் போய் ஏன் பத்தாம் எண்ணுக்கும் மேலே வைத்தார்கள் என்று மூத்த ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். "பத்துன்னா புயல் எங்க இருக்குன்னாவது தெரியும் தம்பி. பதினொண்ணுன்னா அதுவும் தெரியாது" என்றார்.

2025 மே மாதத்தின் நான்கு இரவுகளில் என் வீட்டில் ஏறியிருந்தது அந்தப் பதினோராம் எண் கூண்டுதான்.

ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அதிகாலையில் நம் படைகள் எல்லைக்கு அப்பால் ஒன்பது இடங்களைத் தாக்கின. என் தங்கை மகன் அப்போது ஜம்மு பகுதியில் பணியில் இருந்தான். அவனுடைய கைபேசி அணைந்திருந்தது. அணைத்து வைக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனியாக இருக்க முடியாமல் தங்கை புதுச்சேரியிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மே 8 இரவு தொலைக்காட்சியில் கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்றார்கள். பொழுது விடிந்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தது. செய்திகளுக்கு இடையிடையே சைரன் ஓசையைக் கலந்து ஒலிபரப்பினார்கள். விழிப்புணர்வுக்காக அல்லாமல் வேறெதற்கும் அந்த ஓசையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மே 10 அன்று அரசே ஊடகங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், துறைமுகம் எரிவதாகக் காட்டிய படத்தில் ஒரு கப்பலோ பளுதூக்கியோ கண்ணில் படவில்லை என்பதைக் கவனித்துத் தங்கையிடம் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "பிரதமர் வந்து எதனா சொன்னாரா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அந்த நான்கு இரவும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அந்த நாள்களில் அரசு வாயே திறக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரியும், கர்னல் சோபியா குரேஷியும், விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் செய்தியாளர் முன் அமர்ந்து, அளந்த சொற்களில், ஆரவாரமில்லாமல் பேசினார்கள். கத்திக்கொண்டிருந்த தொலைக்காட்சிகளுக்கு நடுவே அவர்களுடைய குரல் மட்டுமே நிதானமாக இருந்தது என்று இன்றும் எண்ணுகிறேன். ஆனால் அவர்கள் அதிகாரிகள். எந்த இடம், எந்த நேரம் என்று அவர்களால் சொல்ல முடியும். இந்தப் போரை ஏன் தொடங்கினோம், எதை அடைந்தால் நிறுத்துவோம், அதுவரை மக்களாகிய நீங்கள் எதைத் தாங்க வேண்டியிருக்கும் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்த உரிமை உள்ளவர் நாட்டு மக்களுக்கு உரையாற்றியது மே 12 இரவு எட்டு மணிக்கு. அதற்குள் சண்டை நின்று இரண்டு நாளாகியிருந்தது.

சண்டை நின்ற செய்தியையும் நாங்கள் தங்களிடமிருந்து முதலில் கேட்கவில்லை. மே 10 மாலை அமெரிக்க அதிபர் தம் சமூக ஊடகப் பக்கத்தில் எழுதினார். நம் வெளியுறவுச் செயலாளரின் சுருக்கமான அறிவிப்பு அதற்குப் பிறகே வந்தது. தங்கைக்கு அது புரியவே இல்லை. தன் மகன் நிற்கும் எல்லையில் துப்பாக்கி ஓய்ந்ததை வாஷிங்டனில் இருப்பவர் ஏன் சொல்கிறார் என்று கேட்டாள். அண்ணனாகிய எனக்குப் பதில் தெரியவில்லை. யார் நடுவில் இருந்தார்கள், யார் யாரிடம் பேசினார்கள் என்பதெல்லாம் பிறகு நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. ஆனால் ஒரு தாய்க்கு அந்தச் செய்தி யார் வாயிலிருந்து முதலில் வர வேண்டும் என்பது அயலுறவு நுட்பம் சார்ந்த கேள்வி அன்று. வீட்டில் நடந்த நல்லது கெட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லிக் கேட்பதில் ஒரு சிறுமை இருக்கிறது. அந்தச் சிறுமையைத்தான் அன்று மாலை நாங்கள் உணர்ந்தோம்.

போர் நின்ற செய்தி பிந்தி வருவதன் விலை என்ன என்பது எங்கள் ஊருக்குப் பழைய பாடம். 1783 ஜூன் மாதம் இங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். ஜூன் 13 அன்று கோட்டைக்கு வெளியே பெரும் சண்டை. ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பீரங்கி முழக்கின. ஜூன் 25 அன்று மறுபடியும் தரையில் ஒரு மோதல். இரு பக்கமும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களில் இந்த மண்ணின் சிப்பாய்களும் இருந்தார்கள். இரு நாடுகளுக்கும் இடையே முதல்கட்டச் சமாதான உடன்படிக்கை அந்த ஆண்டு ஜனவரி 20 அன்றே ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டது. வெள்ளைக் கொடியுடன் கப்பல் ஒன்று அச்செய்தியைக் கடலூருக்குக் கொண்டுவந்தபோது ஜூன் முடியப் போகிறது. முடிந்துபோன போரில் எங்கள் கடற்கரையில் ஆள்கள் செத்தார்கள். அன்று தடையாக இருந்தது கடலின் தொலைவு. இன்று ஒரு நொடியில் செய்தி போகிறது. ஆனால் அந்த ஒரு நொடிக்குள் நூறு பொய்யும் சேர்ந்து போகிறது, உண்மையைச் சொல்ல வேண்டியவர் மட்டும் பிந்தி வருகிறார்.

போர் நடக்கும்போது எல்லாவற்றையும் வெளியே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். தேவனாம்பட்டினத்து மீனவரிடம் போய் வலை விட்ட இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். கூடப் பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார். ஆனால் கடலுக்குப் போன படகு கரை திரும்பவில்லை என்றால், அதை அவர் ஒரு மணி நேரம் மறைக்க மாட்டார். வலை விட்ட இடம் தொழில் இரகசியம். திரும்பாத படகு ஊரின் துக்கம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடற்கரைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். படை எங்கே நிற்கிறது, நாளை எதைத் தாக்கும், எந்தக் கருவி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பவற்றை எங்களிடம் சொல்ல வேண்டாம், கேட்கவும் மாட்டோம். தங்களால் சொல்ல முடியாதவை இருக்கின்றன என்பதையும், அவை எவ்வகையானவை என்பதையும் தாங்களே வந்து சொன்னால் போதும். "இதை இப்போது சொல்ல இயலாது, இன்ன காரணத்தால் இயலாது" என்பதும் செய்திதான்.

இரகசியத்துக்கும் மறைப்புக்கும் நடுவில் உள்ள கோட்டை ஒரே தலைவர் இரண்டு வாரத்துக்குள் இரண்டு விதமாகக் கையாண்ட கதை ஒன்று இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 3,38,000 படைவீரர்கள் மீட்கப்பட்டபோது இங்கிலாந்து மக்கள் அதை வெற்றியாகக் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள். ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில் எழுந்து, பின்வாங்கிப் போர்களை வெல்ல முடியாது என்று சொல்லி, நடந்தது பெரும் இராணுவத் தோல்வி என்றே பெயரிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு நாடு உடைந்துவிடவில்லை. அதே ஜூன் 17 அன்று பிரெஞ்சுக் கரையருகே லங்காஸ்ட்ரியா என்னும் கப்பல் குண்டுவீச்சில் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அன்றைக்கு இதுவரை வந்த கெட்ட செய்தியே போதும் என்று கருதி அச்செய்தியை வெளியிடத் தடை விதித்தார். சில நாளில் தடையை நீக்குவதாக இருந்ததாகவும், வேலை மும்முரத்தில் மறந்துபோனதாகவும் பின்னாளில் அவரே எழுதினார். ஜூலைக் கடைசியில் நியூயார்க் செய்தித்தாள் வழியாகத்தான் அது வெளியே வந்தது. மறந்துபோனார் என்பதைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கெட்ட எண்ணத்தால் மறைத்தவர் என்றாவது ஒரு நாள் மனம் மாறலாம். மறைத்ததையே மறந்தவரிடம், வாசலில் நிற்கும் தாய்மார்கள் எதைச் சொல்லிக் கேட்பது?

நமக்கும் இதில் ஒரு தழும்பு உண்டு. மே மாதச் சண்டையில் நம் விமானங்கள் ஏதேனும் வீழ்ந்தனவா என்ற கேள்விக்கு, இழப்புகள் போரின் ஒரு பகுதி என்று மே 11 அன்று விமானப்படை அதிகாரி பதில் சொன்னார். நடவடிக்கை முழுதும் முடிந்திராத அந்த நேரத்தில் அப்படிச் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் விமானங்களை இழந்தோம் என்பதை முப்படைத் தலைமைத் தளபதி ஒப்புக்கொண்டது மே 31 அன்று, சிங்கப்பூரில், வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில். எத்தனை என்பதைவிட ஏன் விழுந்தன, அதை எப்படித் திருத்திக்கொண்டோம் என்பதே முக்கியம் என்று அவர் சொன்னது நல்ல படைவீரரின் பேச்சு. அதே சொற்களை மே 12 இரவு உரையில் தாங்கள் சொல்லியிருந்தால், நடுவில் கழிந்த பத்தொன்பது நாளில் பகைநாட்டார் சொன்ன எண்ணிக்கைகள் எங்கள் தேநீர்க் கடைகளில் உலா வந்திருக்காது.

இப்போது எங்கள் தலைமுறை கேட்ட குரல்களைப் பற்றிக் கொஞ்சம். 1965இல் எனக்கு ஏழு வயது. உணவுத் தட்டுப்பாடும் போரும் சேர்ந்து வந்த அந்த ஆண்டில், வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று லால் பகதூர் சாஸ்திரி கேட்டார். திங்கட்கிழமை இரவுகளில் என் அம்மா அடுப்பு மூட்டவில்லை. எங்கள் வீட்டில் மிச்சமான ஒரு படி அரிசி எந்த வீரனின் தட்டுக்குப் போயிருக்கும் என்று இன்று கணக்குப் பார்த்தால் சிரிப்புதான் வரும்; ஆனால் போர் நடக்கிறது என்பதையும் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதையும் அந்த அணைந்த அடுப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. 1971 டிசம்பர் 3 மாலை நம் விமானதளங்கள் தாக்கப்பட்டபோது இந்திரா காந்தி கல்கத்தாவில் இருந்தார். தில்லி திரும்பி, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில் வானொலியில் பேசினார். விடிவதற்கு முன்பே, தாக்கப்பட்ட நாட்டின் தலைவர் தம் குரலிலேயே மக்களிடம் வந்துவிட்டார். எங்கள் தெருவில் யாருக்கும் ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. காலையில் தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியில்தான் அவர் பேசியதன் சாரத்தைக் கேட்டோம். இருந்தும், அவர் பேசிவிட்டார் என்பதே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

பேசுவது மட்டும் போதாது, எந்தச் சொல்லால் பேசுகிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு 1962 சாட்சி. நவம்பரில் சீனப் படையிடம் பொம்டிலா வீழ்ந்த பிறகு நேரு வானொலியில் பேசினார். அசாம் மக்களை நினைத்துத் தம் நெஞ்சம் வருந்துவதாகச் சொன்னார். சொன்னவர் ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். அசாமில் இருந்தவர்களுக்கு அது விடை கொடுப்பதாகக் கேட்டது. தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகும் அந்த வாக்கியத்தை அங்கே மறக்கவில்லை. ஆனால் அதே நேரு, எதிரிப் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோதே நவம்பர் 8 அன்று நாடாளுமன்றத்தைக் கூட்டி, கதவைச் சாத்தாமல், ஏறக்குறைய ஒரு வாரம் தம்மை எல்லோரும் ஏசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2025இல் ஏப்ரல் 24, மே 8 ஆகிய இரு நாளும் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டங்களில் பிரதமர் கலந்துகொள்ளவில்லை. நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிய விவாதம் ஜூலைக் கடைசியில்தான் நடந்தது. ஏசுவோர் முன்னால் உட்கார்ந்திருப்பதும் மக்களோடு பேசுவதன் ஒரு பகுதிதான்.

தலைவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதும் சொல்லில் சேர்ந்ததே. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும், அடுத்த நாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கினார்கள். அவர்களுடைய கப்பல்கள் சென்னையை நோக்கி வருகின்றன என்ற தவறான தகவலை நம்பி, வேலை இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று ஆங்கிலேய அரசு அறிவித்தது. அறிவித்துவிட்டுத் தன் அலுவலகங்களையும் மூட்டைகட்டி உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பியது. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது சென்னையிலிருந்து தெற்கே வந்த இரயில்களில் நிற்க இடமில்லை என்று என் பாட்டி சொல்வாள். முதுநகரில் அவளுடைய வீட்டுத் திண்ணையிலேயே இரண்டு குடும்பங்கள் மாதக்கணக்கில் இருந்தனவாம். "கெவுனரே போயிட்டாராம்" என்று அவர்கள் சொன்னதைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜப்பான் கப்பல் வரவே இல்லை. இதற்கு எண்பது ஆண்டு கழித்து, 2022 பிப்ரவரி 25 அன்று, உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி கீவ் நகரத் தெருவில் நின்று, கைபேசியில் எடுத்த சிறு காணொளியில், தம் பிரதமரையும் நெருங்கிய உதவியாளர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்றார். அரை நிமிடப் பேச்சு. புள்ளிவிவரம் ஏதும் அதில் இல்லை. அவர் ஓடிவிட்டார் என்ற வதந்தி அந்த இரவோடு செத்தது.

தலைவர் ஒருவரே பேச வேண்டும் என்று நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஒரு நாளைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கடற்கரை என்ன ஆனது என்பது தாங்கள் அறிந்ததே. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 காலையில், இன்னொரு அலை வரலாம் என்று தில்லியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். நிவாரணம் கொடுக்க வந்தவர்களும் ஓடினார்கள். நானும் ஓடினேன், திருப்பாதிரிப்புலியூர் வரை ஓடிய பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்பதே தெரிந்தது. அன்றைக்கே தில்லியிலிருந்து வேறொரு குரல், அந்த எச்சரிக்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது. எந்தத் துறை முதலில் பேசியது, எது மறுத்தது என்பதைப் பற்றி எனக்கு இப்போது வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம், கூண்டு ஏற்றினாலும் இறக்கினாலும் மீனவர்கள் என் முகத்தைப் பார்த்து, "இது நெசமா சார்?" என்று கேட்டார்கள். அதற்கு முன் இருபது ஆண்டு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஓர் எச்சரிக்கையைத் தவறாகச் சொன்னதன் கடனை, அதைச் சொல்லாதவர்களும் சேர்ந்தே அடைக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் நம் பக்கத்துத் தொலைக்காட்சிகள் வெற்றிப் பொய் சொல்லும்போது அதை மறுக்கத் தலைவர் தயங்கினால், பின்னொரு நாள் அவர் சொல்லும் மெய்யைப் பார்த்தும் மக்கள் இதையே கேட்பார்கள்.

மொழியைப் பற்றி. மே 12 உரையைத் தாங்கள் இந்தியில் ஆற்றினீர்கள். அது தங்களுக்குப் பழகிய மொழி. அதில் பேசத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. என் தங்கைக்கு அதில் "பாரத்" என்ற சொல்லும் "பாகிஸ்தான்" என்ற சொல்லும் மட்டும் விளங்கின. கீழே ஓடிய எழுத்தைப் படிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விட்டது. எல்லையில் நிற்கும் படையில் எல்லா மொழிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உரை ஆற்றப்படும் அதே நிமிடத்தில், தேர்ந்த ஒருவரின் குரலில், நல்ல தமிழில், தெலுங்கில், வங்காளியில், மணிப்புரியில் அது ஒலிக்கும்படி செய்வது இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலை இல்லை. இன்னொன்றும் கேட்கலாம். 1942 பிப்ரவரி 23 அன்று பேசிய வானொலி உரைக்காக, அமெரிக்க மக்கள் உலக வரைபடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரூஸ்வெல்ட் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே தம் பேச்சைக் கேட்கச் சொன்னார். பூஞ்ச் எங்கே இருக்கிறது, அங்கே எறிகணை விழுந்து பொதுமக்கள் எப்படி இறந்தார்கள் என்பதை எங்கள் ஊரில் பத்துப் பேருக்குக்கூட யாரும் காட்டிச் சொல்லவில்லை. தொலைக்காட்சி காட்டிய வரைபடத்தில் எதிரியின் நகரங்கள் மட்டுமே இருந்தன.

இதைவிட வலிக்கும் இடம் ஒன்றைத் தொடாமல் போக முடியவில்லை. எங்கள் மாவட்டத்து முகாம்களில் ஈழத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். 2009இல் வன்னியில் போர் முடிந்த மாதங்களில், பொதுமக்கள் யாரும் பலியாகாத வகையில் போர் நடத்தப்படுகிறது என்று இலங்கை அரசு உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. அந்த மாதங்களில் முகாமில் இருந்த ஒரு நண்பரைப் பார்க்கப் போவேன். அவர் வானொலியைக் காதோடு ஒட்டி வைத்திருப்பார். அரசு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு நடுக்கம் கூடும். தலைவர் பேசாமல் இருப்பதைவிடக் கொடியது ஒன்று உண்டு என்பதை அவர் முகத்தில்தான் பார்த்தேன்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. அங்கே ஜூலை 14 அன்று மாலை அணிவிக்க வரும் முதியவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுகிறவர்கள். என் தங்கையின் மாமனார் அவர்களில் ஒருவர், இந்தோசீனப் போரில் இருந்தவர். பல ஆண்டுக்கு முன்பே காலமாகிவிட்டார். பிரெஞ்சு அரசியல்வாதிகளில் அவர் மதித்த ஒரே ஆள் பியேர் மாந்தஸ் பிரான்ஸ். 1954 மே 7 அன்று வியட்நாமில் உள்ள தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூனில் பிரதமரான மாந்தஸ் பிரான்ஸ், ஜூலை 20க்குள் போரை நிறுத்த உடன்பாடு காண்பேன், இல்லாவிட்டால் பதவி விலகுவேன் என்று நாடாளுமன்றத்தில் நாள் குறித்துச் சொன்னார். பிறகு சனிக்கிழமைதோறும் வானொலியில் வந்து, மேடைப் பேச்சுப் போல அல்லாமல், அந்த வாரம் என்ன நடந்தது என்று சாதாரண மொழியில் மக்களிடம் சொன்னார். உடன்பாடும் குறித்த கெடுவை ஒட்டியே வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்பி, நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி கைமாறியபோதும் பிரான்சில் பிரதமராக இருந்தவர் அவர்தான். "மத்தவன் எல்லாம் ஜெயிப்போம் ஜெயிப்போம்னு எங்களை அனுப்பினான். இவன் ஒருத்தன்தான் தேதி சொன்னான்" என்பார் அந்தக் கிழவர். தோற்ற போரைப் பற்றி நாட்டுக்கு உண்மை சொன்ன ஒரு பிரதமரின் பெயரை, பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு தமிழ்ச் சிப்பாய் சாகும்வரை மரியாதையோடு சொன்னான்.

போர் முடிந்த பிறகும் இந்தக் கடமை முடிவதில்லை. கார்கில் போர் 1999 ஜூலையில் ஓய்ந்ததும், நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள்; எங்கே கண் அயர்ந்தோம் என்பதை அது எழுதிக் கொடுத்தது; சில பகுதிகளை மறைத்தாலும் 2000 பிப்ரவரியில் அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். 1962 போரைப் பற்றி ஹெண்டர்சன் புரூக்ஸ் எழுதிய அறிக்கையை அறுபது ஆண்டாக எந்தக் கட்சியின் அரசும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது வெளியிடு என்பதும், ஆட்சிக்கு வந்ததும் பூட்டிக்கொள்வதும் இதில் எல்லோருக்கும் பொதுவான வழக்கம். 2025 மே மாதத்துக்கு இந்த இரண்டில் எந்த முன்மாதிரியைத் தாங்கள் பின்பற்றப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இனி ஒருமுறை நம் படை எல்லை கடக்குமானால், அன்று இரவுக்குள் தாங்கள் தங்கள் குரலில் பேசுங்கள். சண்டை நடக்கும் ஒவ்வொரு நாளும் குறித்த ஒரு நேரத்தில், பத்து நிமிடமேனும், சொல்ல ஒன்றும் இல்லை என்றால் இல்லை என்பதைச் சொல்லவாவது வாருங்கள். இறந்தவரின் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகு, அவர் பெயரைத் தாங்களே நாட்டுக்குச் சொல்லுங்கள். போர் நின்றால், வேறு யாரும் சொல்வதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.

என் தங்கை மகன் நலமாக இருக்கிறான். மே 11 காலையில் பேசினான். சாப்பிட்டாயா என்று அவன் அம்மா கேட்டாள், சாப்பிட்டேன் என்றான், அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் பணியில் இருந்த காலம் முழுதும் பதினோராம் எண் கூண்டை ஏற்றியதில்லை. 2011 டிசம்பர் 29 இரவு, தானே புயல் கரையேறும் முன்பு, தொலைபேசி செத்துப்போன சில மணி நேரம் ஏற்றலாமா என்று யோசித்தோம். அந்தக் காற்றில் கம்பத்தருகே போக முடியவில்லை. விளக்கு எரிந்தாலும் பார்க்க வெளியே யாரும் இல்லை.

இம்மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால், தமிழில் எழுதச் சொல்லுங்கள். தங்கைக்கும் படித்துக் காட்ட வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
துறைமுக ஊழியர் (ஓய்வு),
கடலூர் முதுநகர்